நான்கு காலிக் கட்டங்கள்: சின்னக் கல்லூரி அணி யாரோடு ஆட வேண்டும்?

ஒஹையோவில் நான் எம்.எஸ். படித்த இரண்டு வருடமும் குடியிருந்த வீட்டில், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்த அட்டை ஒட்டியிருக்கும். எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணியின் அந்த வருட ஆட்ட அட்டவணை அது. உள்ளூர் ஆட்டங்களுக்கு அடர்நீலக் கட்டம், வெளியூர் ஆட்டங்களுக்கு வெள்ளைக் கட்டம். வீட்டுக்காரர் முப்பது வருடமாக சீசன் டிக்கெட் வாங்குகிறவர். ஆகஸ்டில் புது அட்டை வந்ததும் முதலில் செப்டம்பர் வரிசையைத்தான் பார்ப்பார். நான் அங்கே போய்ச் சேர்ந்த வருடம் அந்த வரிசையில் ஒரே ஒரு நீலக் கட்டம். அதில் விரலை வைத்து, "மீதி மூன்றையும் விற்றுவிட்டார்கள்" என்றார்.

அன்று அது எனக்குப் புரியவில்லை. ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று வளர்ந்தவன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் இந்த ஆட்டத்தின் விதிகள் பிடிபடவே ஒரு சீசன் ஆனது. அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பிடிபட இன்னும் சில வருடம். இப்போது அந்தக் கணக்கில்தான் என் மனம் அதிகம் போகிறது. பணத்திலும் வீரர்களிலும் பெரிய கல்லூரியோடு போட்டி போட முடியாத ஒரு சின்னக் கல்லூரிக்கு, தன் கையால் செய்துகொள்ளக்கூடிய முடிவு என்று இருப்பது ஏறக்குறைய இது ஒன்றுதான்.

ஏற்பாடு இதுதான். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்தட்டான எஃப்.பி.எஸ். பிரிவில் ஓர் அணிக்கு சீசனுக்கு 12 ஆட்டம். மிட்-அமெரிக்கன், சன் பெல்ட் போன்ற சிறிய கான்ஃபரன்ஸ்களில், அதாவது கல்லூரி அணிகளின் குழுக்களில், அதில் 8 ஆட்டம் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே நடக்கும். அவற்றை கான்ஃபரன்ஸ் அலுவலகம் போட்டுக் கொடுத்துவிடும். மீதி 4 கட்டம் காலி. அவற்றுக்கு ஆள் பிடிப்பது கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவரான அத்லெடிக் டைரக்டர் வேலை. ஒப்பந்தங்கள் பல வருடம் முன்னாலேயே கையெழுத்தாகும். ஆட்டம் நடக்கிற வருடத்தில் அணி எப்படி இருக்கும், பயிற்சியாளர் யார், கையெழுத்துப் போட்டவரே பதவியில் இருப்பாரா என்பதெல்லாம் அன்று யாருக்கும் தெரியாது. சீசன் முடிவில் 6 வெற்றி இருந்தால் டிசம்பரில் பவுல் என்கிற, சீசனுக்குப் பிந்தைய ஆட்டத்துக்குத் தகுதி கிடைக்கும். அந்த 6 என்ற எண் கீழே திரும்பத் திரும்ப வரும்.

காலிக் கட்டத்தை நிரப்ப நான்கு வழி இருக்கிறது. பெரிய கல்லூரியிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்கள் மைதானத்துக்குப் போய் ஆடலாம். அதே பெரிய கல்லூரி நம் ஊருக்கும் வருகிற மாதிரி ஒப்பந்தம் பேசலாம். நம் அளவில் இருக்கும் அணியோடு ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு படி கீழே இருக்கும் எஃப்.சி.எஸ். பிரிவு அணிக்கு நாம் காசு கொடுத்து வரவழைக்கலாம். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வழி வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. இரண்டாவது வழியில் ஒன்றைப் பிடிக்க எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் தகும்.

முதல் வழியை ஒப்பந்தத்தில் கியாரண்டி கேம் என்பார்கள். பேச்சில் மணி கேம், அதாவது காசு ஆட்டம். பை கேம், விலைக்கு வாங்கிய ஆட்டம், என்றும் சொல்வார்கள். இதை எடைபோட 2022-இன் கென்ட் ஸ்டேட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வடகிழக்கு ஒஹையோவில் இருக்கும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் அணி அது. அந்த செப்டம்பரில் 3-ஆம் தேதி சியாட்டிலில் வாஷிங்டனோடு, 10-ஆம் தேதி நார்மனில் ஓக்லஹோமாவோடு, 24-ஆம் தேதி ஏதென்ஸில் ஜார்ஜியாவோடு ஆடினார்கள். மூன்றுக்கும் சேர்த்து வாங்கிய தொகை 52 லட்சம் டாலர். முடிவுகள் 45-20, 33-3, 39-22. மூன்றும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றது அப்போதைய தேசிய சாம்பியன், அந்த சீசனிலும் பட்டத்தை வெல்லப்போகிற அணி. அவர்களுக்கு எதிராக 22 புள்ளி எடுத்தது எந்தச் சின்ன அணியும் பெருமைப்படக்கூடிய விஷயம்.

ஆனால் சீசன் முடிவைப் பாருங்கள். கான்ஃபரன்ஸுக்குள் 4 வெற்றி, 4 தோல்வி. நடுவில் எஃப்.சி.எஸ். அணியான லாங் ஐலண்டை 63-10 என்று வென்றார்கள். மொத்தம் 5 வெற்றி, 7 தோல்வி, சுருக்கமாக 5-7. பவுலுக்கு ஒரே ஒரு வெற்றி குறைந்தது. அந்த மூன்றில் ஒன்று மட்டும் தங்கள் அளவிலான ஓர் அணியோடு இருந்திருந்தால், ஆறாவது வெற்றிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். பவுல் என்பது டிசம்பர் சுற்றுலா மட்டுமில்லை. தகுதி பெற்ற அணிக்கு இன்னும் சில வாரம் பயிற்சி கிடைக்கிறது. அடுத்த வருடம் களமிறங்க வேண்டிய முதலாண்டு, இரண்டாமாண்டுப் பையன்கள் தேறுவது அந்த வாரங்களில்தான். 5-7 அணி நவம்பரோடு உபகரணங்களைப் பூட்டி வைத்துவிடும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருடம், 2021-இல், இதே கென்ட் ஸ்டேட் டெக்சஸ் ஏ அண்ட் எம், அயோவா, மேரிலாண்ட் என்று மூன்று பெரிய அணிகளிடம் போய்த் தோற்றது. ஆனாலும் கான்ஃபரன்ஸுக்குள் 6-2 என்று ஆடி, கிழக்குப் பிரிவை வென்று, பவுலுக்கும் போனது. ஆக, அணி நன்றாக இருக்கும் வருடத்தில் மூன்று மணி கேமையும் தாங்கலாம். சுமாராக இருக்கும் வருடத்தில் பவுலை இழப்போம். மோசமாக இருக்கும் வருடத்தில் என்ன ஆகும்? 2022 டிசம்பரில் பயிற்சியாளர் ஷான் லூயிஸ் கொலராடோவுக்குப் போனார். அடுத்த சீசன் 1-11. அதற்கடுத்த 2024-இல் செப்டம்பர் 14 அன்று டென்னசியிடம் 71-0. அதில் 65 புள்ளி முதல் பாதியிலேயே விழுந்தது. அடுத்த சனிக்கிழமையே பென் ஸ்டேட்டிடம் 56-0. சீசன் 0-12. சரிவுக்குக் காரணம் மணி கேம்தான் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியாளர் போனால் வீரர்களும் வேறு கல்லூரிக்கு மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியே கிளம்பிவிடும் காலம் இது. நான் சொல்வது வேறு. கையெழுத்துப் போடும்போது 2021 வருமா, 2024 வருமா என்று தெரியாது. தெரியாத வருடத்துக்கு இரண்டு, மூன்று பெரிய ஆட்டங்களை ஏற்றுக்கொள்வது, விளைச்சல் தெரியாமல் நிலத்தையும் மாட்டையும் சேர்த்து அடகு வைப்பது போல.

எஃப்.சி.எஸ். அணிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா ஸ்டேட் 2012-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0 என்றும், அடுத்த வாரமே ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55-0 என்றும் தோற்றது. இரண்டாவது ஆட்டம் மூன்றாவது குவார்ட்டரில் மின்னல் காரணமாக நிறுத்தப்பட்டதால்தான் அந்த 55. இரண்டுக்கும் சேர்த்து வந்தது 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அவ்வளவு சின்னத் துறைக்கு அது பெரிய தொகை. 2019-இல் அவர்கள் எஃப்.பி.எஸ்., எஃப்.சி.எஸ். இரண்டும் அடங்கிய டிவிஷன் 1-ஐ விட்டே இறங்கி டிவிஷன் 2-க்குப் போனார்கள்.

காசும் வாங்கி வெற்றியையும் தட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அந்தக் கதைகள்தான் இந்த வழியைக் கவர்ச்சியாக வைத்திருக்கின்றன. 2007 செப்டம்பர் 1 அன்று, அப்போது எஃப்.சி.எஸ்.ஸில் இருந்த அப்பலாச்சியன் ஸ்டேட் 4 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஆன் ஆர்பருக்குப் போய், தேசத் தரவரிசையில் ஐந்தாவதாக இருந்த மிச்சிகனை 34-32 என்று வென்றது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோல் முயற்சியைக் கடைசியில் தடுத்து வென்ற அந்த ஆட்டத்தை அமெரிக்காவில் ஃபுட்பால் பார்க்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 செப்டம்பர் 10, ஒரே சனிக்கிழமையில் மூன்று சன் பெல்ட் அணிகள்: மார்ஷல் நோட்ர டேமை 26-21, அப்பலாச்சியன் ஸ்டேட் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 17-14, ஜார்ஜியா சதர்ன் நெப்ராஸ்காவை 45-42. மூன்றுமே பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு போன ஆட்டங்கள். நெப்ராஸ்கா மறுநாளே தன் பயிற்சியாளரை நீக்கியது. 2024-இல் நார்தர்ன் இல்லினாய் 14 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போய் நோட்ர டேமை 16-14 என்று வென்றது. அந்த நோட்ர டேம்தான் சீசன் முடிவில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது.

இந்த வெற்றிகளைக் கொண்டாடுகிறவர்கள் அடுத்த ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. நோட்ர டேமை வென்ற மார்ஷல் அடுத்த சனிக்கிழமை பௌலிங் க்ரீனிடம் கூடுதல் நேரத்தில் 34-31 என்று தோற்றது. நோட்ர டேமை வென்ற நார்தர்ன் இல்லினாய்க்கு ஒரு வாரம் ஓய்வும் கிடைத்தது. அப்படியும் பஃபலோவிடம் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோற்றார்கள். பஃபலோ ஆட்டம் கான்ஃபரன்ஸ் ஆட்டம், பட்டக் கணக்கில் சேர்வது. மலையேறி வந்தவன் காலில் அடுத்த நாள் வலு இருக்காது. உடம்பில் பட்ட அடி பாதி, மனதின் ஏற்ற இறக்கம் பாதி. 85 நல்ல வீரர்கள் வைத்திருக்கும் அணிக்கும், முதல் 22 பேருக்குப் பின்னால் ஆள் தேடும் அணிக்கும் வித்தியாசம் வெளிப்படுவது பெரிய ஆட்டத்தில் இல்லை, அதற்கு அடுத்த சனிக்கிழமையில்.

பணம் எதற்கு என்பதையும் பேச வேண்டும். மிட்-அமெரிக்கன் அளவிலான கல்லூரிகளில் விளையாட்டுத் துறையின் செலவில் பெரும்பங்கு டிக்கெட் வசூலில் வருவதில்லை. பல்கலைக்கழக நிதியிலும் மாணவர் கட்டணத்திலும் வருகிறது. என் செமஸ்டர் பில்லிலும் பொதுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் அறையில் மூத்தவரான திருச்சி அண்ணன் ஒருவர் அதைக் காட்டி, "தம்பி, நீயும் டீமுக்கு ஸ்பான்சர்தான். மேட்சுக்காவது போய் வா" என்றார். அப்படித்தான் நான் மைதானத்துக்கே போனேன். ஒரு மணி கேம் அந்தப் பாரத்தைக் கொஞ்சமாவது குறைக்கும் என்றால் அதை அவமானமென்று தள்ள எனக்கு மனம் வராது. நீச்சல், ஓட்டம், மல்யுத்தம் என்று வருமானமே இல்லாத அணிகளுக்குப் பயணச் செலவு அதிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் பூஜ்யம் என்று சொல்லாமல் ஒன்று என்கிறேன்.

அந்த ஒன்றுக்கு மேல் பட்ஜெட்டைக் கட்டிவைப்பது ஆபத்து என்பதை 2020 காட்டிவிட்டது. ஜூலையில் பெரிய கல்லூரிகளின் பிக் டென் கான்ஃபரன்ஸ் இந்த வருடம் கான்ஃபரன்ஸ் ஆட்டம் மட்டும்தான் என்று அறிவித்தது. ஒரே அறிவிப்பில் பல சின்னக் கல்லூரிகளின் வருட வருமானத்தில் ஓட்டை விழுந்தது. பெருந்தொற்று தினமும் வராது. ஆனால் தென்கிழக்கின் பெரிய கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி. 2026 முதல் 8 கான்ஃபரன்ஸ் ஆட்டத்திலிருந்து 9-க்குப் போகிறது. 16 அணிகள், ஆளுக்கு ஒரு காலிக் கட்டம் குறைவு. அதிகக் காசு தரக்கூடிய வீட்டு வாசலில் வருடத்துக்கு 16 இடம் போய்விட்டது. பெரிய அணியோடு ஓர் ஆட்டமாவது வெளியில் வைக்க வேண்டும் என்ற விதியும் அவர்களுக்கு இருப்பதால், சின்னவர்களுக்கு மிஞ்சுவது இரண்டு கட்டம்தான். இனி இந்தச் சந்தையில் வாங்குபவர் குறைவு, விற்பவர் அதிகம்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் மனம் நிற்கிறது.

2022 செப்டம்பர் 3. வட கரோலினாவின் மலைப்பகுதியில் பூன் என்ற ஊர். அப்பலாச்சியன் ஸ்டேட்டின் கிட் ப்ரூயர் மைதானம். மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான வட கரோலினா, சேப்பல் ஹில்லிலிருந்து மலையேறி வந்திருந்தது. மைதானத்தில் 40,168 பேர், அந்த மைதானத்தின் சாதனைக் கூட்டம். ஊரின் மக்கள்தொகையே அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நான் அதை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குவார்ட்டர் முடிவில் ஆட்டம் கைவிட்டுப் போனது போல இருந்தது. நான்காவது குவார்ட்டரில் மட்டும் அப்பலாச்சியன் ஸ்டேட் 40 புள்ளி எடுத்தது. கடைசி நொடிகளில் சமன் செய்ய வேண்டிய இரண்டு புள்ளி முயற்சி கோட்டுக்கு முன்னாலேயே அடைபட்டு, 63-61 என்று தோற்றார்கள். கேமரா திரும்பியபோது யாரும் இடத்தை விட்டுக் கிளம்பவில்லை. தோற்ற அணியின் கூட்டம் நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. அதைவிட ஒரு ஊரை அணியோடு கட்டிப்போடும் சாயங்காலம் வேறு எது?

வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் 2018 செப்டம்பர் 22 இன்னொன்று. ஓல்ட் டொமினியன் 2009-இல்தான் ஃபுட்பாலை மறுபடி தொடங்கிய கல்லூரி. அன்று மூன்று ஆட்டமும் தோற்று 0-3 என்று இருந்தது. வந்தது தரவரிசையில் 13-ஆவது இடத்தில் இருந்த வர்ஜீனியா டெக். மாற்று குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவராக, உள்ளே வந்த ப்ளேக் லாருஸா 495 கெஜம் எறிந்து 4 டச் டவுன் கொடுத்தார். 49-35, ஓல்ட் டொமினியன் வெற்றி. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. 2022-இல் அதே நார்ஃபோக்கில் அதே வர்ஜீனியா டெக்கை மறுபடி 20-17 என்று வென்றார்கள். இதே இரண்டு வெற்றி எதிராளியின் மைதானத்தில் நடந்திருந்தால் பேருந்தில் வந்த 70 வீரர்கள் மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். உள்ளூரில் நடந்ததால் ஊர் அழுதது.

எங்கள் கல்லூரியில் இப்படி ஒன்றை நேரில் பார்த்தேன். இரண்டாவது வருடம், ஒன்றரை மணி நேரத் தொலைவிலிருந்து ஒரு பெரிய கல்லூரி எங்கள் மைதானத்துக்கு வந்தது. வழக்கமாக ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போனாலும் நடு வரிசையில் இடம் கிடைக்கும். அன்று மதியம் மூன்று மணிக்கே மக்காச்சோள வயலை வெட்டிப் பார்க்கிங் ஆக்கியிருந்தார்கள். அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போக நாற்பது நிமிடம் வரிசை. முனையிலிருந்த பீட்சா கடையில் மாவு தீர்ந்து போய்விட்டது. கல்லூரியை முடித்து இருபது வருடம் ஆனவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தோற்றோம், பதினேழு புள்ளி வித்தியாசத்தில். வீட்டுக்காரர் திரும்பும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு மணி கேம் முடிந்த சனிக்கிழமை இரவில் அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசாமல் படுக்கப் போனதையும் பார்த்தவன் நான்.

பெரிய கல்லூரி ஏன் வர வேண்டும்? அவர்களின் பழைய மாணவர்கள் நம் ஊர்ப்பக்கம் வாழ்கிறார்கள். நம் பகுதிப் பள்ளிகளில் அவர்களுக்கு வீரர்கள் வேண்டும். தொகை கொடுத்து ஆள் வரவழைப்பதைவிட இது மலிவு. ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று என்று சம்மதிக்க மாட்டார்கள். டூ ஃபார் ஒன் என்பார்கள். இரண்டு முறை நாம் அங்கே, ஒரு முறை அவர்கள் இங்கே. இதைச் சுயமரியாதைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2017-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் 13-0 என்று முடித்த சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகமான யூ.சி.எஃப்.பின் அத்லெடிக் டைரக்டர் டேனி வைட், ஃபுளோரிடா நீட்டிய டூ ஃபார் ஒன்னை ஏற்க மறுத்தார். அவர் நிலையில் அது சரி. ஆர்லாண்டோ போன்ற பெருநகரம், மிகப் பெரிய மாணவர் எண்ணிக்கை, பெரிய கான்ஃபரன்ஸில் சேர வேண்டும் என்ற இலக்கு. 2023-இல் பிக் 12-இல் சேர்ந்தும் விட்டார்கள். தன்னைச் சமமாகக் காட்டிக்கொள்வது அவர்களுக்கு வியூகம். பூனுக்கோ, நார்ஃபோக்குக்கோ, வடக்கு ஒஹையோவில் ஒரு கல்லூரி ஊருக்கோ அந்த வியூகம் பொருந்தாது. மூன்று வருடத்தில் ஒரு முறை பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் நம் வாசலுக்கு வருகிறார் என்றால், இரண்டு முறை நாம் அவர் வாசலுக்குப் போவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்த இரண்டு பயணத்துக்கும் தொகை பேசிக்கொள்ளலாம். அதையே அந்தந்த வருடத்தின் மணி கேமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு முறை நாம் போய் வந்த பிறகு, மூன்றாவது வருடம் பெரிய கல்லூரி ரத்துத் தொகையைக் கட்டிவிட்டு வராமல் இருந்துவிடலாம். அவர்களுக்கு அந்தத் தொகை பொருட்டில்லை. அதனால் நம் ஊர் ஆட்டம் முதலாவதாகவோ, குறைந்தது இரண்டாவதாகவோ இருக்க வேண்டும். ரத்துத் தொகை ஒரு மணி கேமின் முழு விலைக்குக் கீழே இருக்கக் கூடாது. நான் டைரக்டராக இருந்தால் எல்லாப் பேச்சையும் இந்த இரண்டு வரியில்தான் முடிப்பேன்.

மூன்றாவது வழி, சம அளவு அணிகள். இதைப் பற்றிப் பரபரப்பாகப் பேச ஒன்றுமில்லை, ஆனால் சீசனைக் காப்பாற்றுவது இதுதான். பேருந்தில் போய் வரும் தூரம், பாதிக்குப் பாதி வெற்றி வாய்ப்பு, இரண்டு வருடத்தில் ஓர் உள்ளூர் ஆட்டம் உறுதி. லிபர்ட்டி பல்கலைக்கழகம் 2023-இல் நான்கு காலிக் கட்டத்தையும் இப்படியே நிரப்பியது. பௌலிங் க்ரீன், பஃபலோ, ஓல்ட் டொமினியன், யூமாஸ். நான்கும் வெற்றி. கான்ஃபரன்ஸ் பட்டத்தோடு 13-0. அந்தக் கணக்கைக் காட்டி, பெரிய பவுல்களில் ஒன்றான ஃபியஸ்டா பவுலுக்கே போனார்கள். அங்கே ஒரேகானிடம் 45-6. எளிய அட்டவணை கதவைத் திறந்துவிடும் என்பதற்கும், உள்ளே போனபின் என்ன நடக்கும் என்பதற்கும் அதே அணிதான் சாட்சி. லிபர்ட்டிக்குக் காசுக்குக் குறைவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மணி கேமே வேண்டாம் என்று சொல்லும் வசதி எல்லோருக்கும் இல்லை.

சம அணியோடு ஆடும் ஆட்டம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 2020 டிசம்பர் 5. லிபர்ட்டி கோவிட் காரணமாக விலகியதால், கோஸ்டல் கரோலினா சில நாள் அவகாசத்தில் யூட்டாவிலிருந்து பி.ஒய்.யூ.வை வரவழைத்தது. இரண்டும் அதுவரை ஒன்றும் தோற்காத அணிகள். ஆட்டத்தின் கடைசி முயற்சியில் பி.ஒய்.யூ. வீரரைக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் பிடித்து நிறுத்தி, 22-17 என்று கோஸ்டல் வென்றது. பல வருடம் முன்னாலேயே கட்டிப்போட்ட எந்த ஒப்பந்தமும் இப்படி ஓர் ஆட்டத்தைக் கொடுத்திருக்காது. அக்டோபர், நவம்பரில் ஒரு கட்டத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு, அந்த வருடம் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பார்த்து நிரப்பும் முறையை சிறிய கான்ஃபரன்ஸ்கள் சேர்ந்து செய்யலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

பட்டத்துக்கே ஆசைப்படும் அணிக்கு வேறு கணக்கு. 2024 முதல் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் 12 அணிகள். பெரிய நான்கு கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஒரு சாம்பியனுக்காவது அதில் இடம் உண்டு. அந்த வருடம் போய்சி ஸ்டேட் செப்டம்பரில் ஒரேகான் மைதானத்துக்குப் போய் 37-34 என்று கடைசி நொடி ஃபீல்டு கோலில் தோற்றது. அந்தத் தோல்வி அவர்களைக் கீழே தள்ளவில்லை. மூன்றாம் இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். அதற்கு முன் 2021-இல் சின்சினாட்டி நோட்ர டேமுக்கே போய் 24-13 என்று வென்று, நான்கு அணி பிளேஆஃபுக்குள் நுழைந்த முதல் சிறிய கான்ஃபரன்ஸ் அணியானது. அந்தத் தரத்தில் இருக்கும் அணிக்கு ஒரு கடின ஆட்டம் கட்டாயம் வேண்டும். அவர்களுக்கும் ஒன்று போதும் என்பேன்.

நான்காவது வழி, எஃப்.சி.எஸ். அணி. ஒன்று வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஆட்டம், பெரும்பாலும் வெற்றி, இளம் வீரர்களுக்குக் களம். இரண்டாவது வைத்தால் விதி குத்தும். பவுல் கணக்கில் எஃப்.சி.எஸ். வெற்றி ஒன்றுதான் சேரும். மேலே சொன்ன அதே 2022 அப்பலாச்சியன் ஸ்டேட்டைப் பாருங்கள். வட கரோலினாவை மூச்சுத் திணற வைத்து, டெக்சஸ் ஏ அண்ட் எம்மை வென்று, சீசனை 6-6 என்று முடித்தார்கள். ஆனால் அந்த ஆறில் சிட்டடல், ராபர்ட் மோரிஸ் என்று இரண்டு எஃப்.சி.எஸ். வெற்றி. ஒன்று கழிந்து ஐந்தானது. பவுல் இல்லை. அந்த மாதிரி செப்டம்பர் ஆடிய அணி டிசம்பரில் வீட்டில் உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஒரு படி கீழே இருக்கும் அணி என்பதால் வெற்றி உறுதி என்றும் இல்லை. 2024-இல் கென்ட் ஸ்டேட் செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற பென்சில்வேனியா அணியிடம் சொந்த மைதானத்தில் 23-17 என்று தோற்றது. அடுத்த வசந்தத்தில் அந்த அணி டிவிஷன் 3-க்கே இறங்கப்போவதாக அறிவித்தது. எஃப்.சி.எஸ்.ஸில் இருந்தபோதே கான்சஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட், அயோவா மூன்றையும் அவரவர் மைதானத்திலேயே வென்ற நார்த் டகோட்டா ஸ்டேட் போன்ற ஓர் அணியைக் கூப்பிடுவதோ, காசு கொடுத்து வினையை வாங்குவது.

இனி கட்டங்களை நிரப்புகிறேன். சாதாரண நிலையில் இருக்கும் ஒரு மிட்-அமெரிக்கன் அணி என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் எஃப்.சி.எஸ். அணி, உள்ளூரில். இரண்டாவது வாரம் மணி கேம், ஓர் இரவுக்குமேல் தங்க வேண்டாத தூரத்தில். சியாட்டில் வரை விமானம் எடுத்தால் தொகையில் கொஞ்சம் வானத்திலேயே போய்விடும். மூன்றாவது வாரம் சம அணி, அல்லது ஓய்வு. மணி கேமுக்கு அடுத்த சனிக்கிழமை கான்ஃபரன்ஸ் ஆட்டம் வராமல் பார்த்துக்கொள்ள அலுவலகத்திடம் மன்றாடுவேன். நான்காவது கட்டம் பக்கத்துப் பெரிய கல்லூரிக்கு. அவர்கள் நம் ஊருக்கு வருகிற வருடத்தில் அதோடு இன்னொரு மணி கேம் வைக்க மாட்டேன், வருமானம் குறைந்தாலும் சரி. நாம் அவர்களிடம் போகிற வருடத்தில் அதுவே மணி கேம், மீதிக் கட்டத்தில் இரண்டாவது சம அணி.

0-12, 1-11 என்று கிடக்கும் அணியென்றால் பெரிய ஆட்டத்தைக் கொஞ்ச வருடம் தள்ளிப்போடக் கேட்பேன். தள்ளிப்போட முடியும். ரத்து செய்வதைவிட வேறு வருடத்துக்கு மாற்றுவதற்குப் பெரிய கல்லூரிகள் எளிதில் ஒத்துக்கொள்ளும், அவர்களுக்கும் ஏதோ ஒரு வருடம் ஒரு கட்டம் நிரம்ப வேண்டும். தோல்வியைப் பழகிவிட்ட பத்தொன்பது வயதுப் பையனுக்கு 71-0 எந்தப் பாடத்தையும் சொல்லித் தராது. அவனுக்குத் தேவை, நான்காவது குவார்ட்டரில் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் இருக்கும் ஓர் ஆட்டம்.

போன ஆகஸ்டில் வீட்டுக்காரர் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். அதே ஃபிரிட்ஜ், புது அட்டை. செப்டம்பரில் இரண்டு நீலக் கட்டம். ஒன்றைப் பேனாவால் வட்டமிட்டு, கீழே எழுதியிருந்தார்: "மூன்று மணிக்கே வந்துவிடு. வயலில் இடம் கிடைக்காது."